வகுப்புகளை வரிசைப்படுத்தல்: மரபுரிமை ஒழுங்கு பற்றிய ஒரு விமரிசன நோக்கு

கணினிச் செய்நிரலாக்கத்தில் இன்று பெருவழக்காயுள்ள பொருள்நோக்கு முறையின் தோற்றுவாயினை, ஒஸ்லோ நகரிலுள்ள நோர்வேக் கணிப்பு நிலையத்தில் 1960களில் ஒல்-யொகான் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகிய இருவரும் உருவாக்கிய சிமுலா மொழியிற் காணலாம். நடைமுறை உலகின் இயக்கங்களைக் கணினியிற் போலச்செய்து ஆராய்வதே அம்மொழியின் முதல் நோக்கமாயிருந்தது. ஒரே தன்மையுடைய பொருள்களுக்குப் பொதுவான விவரிப்பொன்றை அமைத்து அதனை ‘வகுப்பு’ என வழங்கியமையும், ஒரு வகுப்பினை முன்னொட்டாகக் கொண்டு அதன் கூறுகள் யாவற்றையும் தன்னகத்தே பெற்ற பிறிதொரு வகுப்பினை ஆக்கிக்கொள்ள இடமளித்தமையும் சிமுலா 67 இன் சாதனைகளாகும். இவ்வுறவே பின்னர் ‘மரபுரிமை’ எனப் பெயர் பெற்றது.

மரபுரிமை வகுப்புகளுக்கிடையே ஒருவகை ஒழுங்கினைத் தோற்றுவிக்கின்றது. அவ்வொழுங்கு எத்தகையது, அதனைக் கொண்டு எந்த இரு வகுப்புகளையும் ஒப்பிடலாமா, ஒப்பிட்டபின் ஒரு நிரலில் நிறுத்தலாமா என்னும் வினாக்கள் மிக எளியனவாகத் தோன்றுகின்றன. எளியனவாகத் தோன்றுவதனாலேயே அவை உரிய கவனம் பெறாது போயின எனலாம். இவ்வினாக்களுக்குச் செய்நிரல் மொழிகள் அளித்துள்ள விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவன. அம்முரண்பாடு வெறும் இலக்கண விவகாரம் அன்று. பிழையான விடையினை நம்பி எழுதப்பட்ட செய்நிரல், தன் பிழையினை வெளிக்காட்டாது நெடுங்காலம் இயங்கக்கூடும் என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

முதலில் ‘மரபுரிமை’ என்னும் சொல்லை நோக்குதல் தகும். அது ஓர் உவமை. அதுவும் அரைகுறையான உவமை. முதுசம் பெறுவோன் வேறு, அதனை விட்டுச் சென்றோன் வேறு, மகன் தந்தையாகான். ஆனால் செய்நிரலிற் கீழ்வகுப்பின் பொருள் ஒவ்வொன்றும் மேல்வகுப்பின் பொருளாகவும் எண்ணப்படுகின்றது. முழுவெண் ஒவ்வொன்றும் எண்ணே என்பது போன்ற உறவு இது. ஆகவே ஈண்டுள்ள தொடர்பு வழித்தோன்றலின் தொடர்பு அன்று, உள்ளடங்கலின் தொடர்பு. குடும்ப உவமையில் மயங்கியோர் ‘முன்னோர்’, ‘பின்னோர்’ என்னும் சொற்களாற் காலவரிசையொன்றினைக் கற்பித்துக்கொள்கின்றனர். உள்ளடங்கலுக்குக் கால வரிசை இல்லை.

தமிழ் மாணாக்கர் நன்கறிந்த இருவகைப் பாகுபாடுகள் இவ்வேறுபாட்டைத் தெளிவிக்க உதவும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக வகுக்கின்றது. அப்பாகுபாடு ஏணி போன்றது: எந்த இரண்டு படிகளை எடுத்துக்கொண்டாலும் ஒன்று மற்றொன்றின் மேலே நிற்கும். திணை, பால் என்னும் பாகுபாடு அத்தகையதன்று. உயர்திணையின்கீழ் ஆண்பாலும் பெண்பாலும் பலர்பாலும், அஃறிணையின்கீழ் ஒன்றன்பாலும் பலவின்பாலும் அடங்குகின்றன. பெண்பால் உயர்திணையுள் அடங்கும் என்பது பொருளுடைய கூற்று. பெண்பால் பலவின்பாலுள் அடங்குமா, பலவின்பால் பெண்பாலுள் அடங்குமா என்னும் வினாவுக்கு இரண்டும் அன்று என்பதே விடை. அவை இரண்டும் சமம் என்பதும் விடையாகாது. வகுப்புகளின் மரபுரிமை இவ்விரண்டாம் வகையினைச் சார்ந்தது. செய்நிரலாளர் பலர் அதனை முதலாம் வகையினதாகக் கொண்டு கையாளுகின்றமையே இங்கு விமரிசிக்கப்படுவது.

கணிதவியலார் இத்தகைய ஒழுங்கினைப் பகுதி ஒழுங்கு என்பர். ஒவ்வொரு வகுப்பும் தன்னுள் அடங்கும். வெவ்வேறான இரு வகுப்புகள் ஒன்றனுள் ஒன்றாக மாறிமாறி அடங்கமாட்டா. முதலாவது இரண்டாவதனுள்ளும் இரண்டாவது மூன்றாவதனுள்ளும் அடங்குமாயின் முதலாவது மூன்றாவதனுள் அடங்கும். இம்மூன்றும் மரபுரிமைக்குப் பொருந்துவன. எண்களுக்குள்ள நான்காவது பண்பு, அதாவது எந்த இரண்டினை எடுப்பினும் ஒன்று மற்றதனிலும் சிறிதாகவோ பெரிதாகவோ அன்றிச் சமமாகவோ இருந்தே தீரும் என்னும் பண்பு, மரபுரிமைக்கு இல்லை. ஒப்பிட இயலாமை என்பது அறியாமையன்று. அது வகுப்புகள் பற்றிய ஒரு செய்தி. ஒரு மொழி அச்செய்தியைக் காப்பாற்றுகின்றதா, மறைக்கின்றதா என்பதைக் கொண்டே அதன் தரத்தினை இவ்விடயத்தில் மதிப்பிடல் வேண்டும்.

1995 இல் யுகிஹிரோ மட்சுமொட்டோ வெளியிட்ட ரூபி மொழி, எண்களுக்கிடையே இடும் சிறிது, பெரிது என்னும் குறிகளை வகுப்புகளுக்கிடையேயும் இட இடமளிக்கின்றது. முழுவெண் வகுப்பு எண் வகுப்பிலும் சிறிதா எனக் கேட்பின் ஆம் என்னும் விடை வரும். அதனை மறுதலையாகக் கேட்பின் அன்று என்னும் விடை வரும். முழுவெண் வகுப்பினையும் எழுத்துச்சர வகுப்பினையும் ஒப்பிடின், ஆம் என்றோ அன்று என்றோ கூறாது, ‘நில்’ எனப்படும் வெறுமையினை அம்மொழி விடையாகத் தருகின்றது. மூன்றாவதொரு விடைக்கு இடம் வைத்தமை பாராட்டுக்குரியது. ஆயினும் இதில் ஒரு குறையும் உண்டு. நிபந்தனைக் கூற்றினுட் புகும்போது ரூபி வெறுமையினையும் பொய்யாகவே கொள்கின்றது. எனவே கவனமற்ற செய்நிரலாளரின் கையில் அந்த மூன்றாம் விடை மீண்டும் ‘அன்று’ ஆகிவிடுகின்றது. வரிசைப்படுத்தும்போது அவ்வாறில்லை: ஒப்பிட இயலாத வகுப்புகள் கொண்ட பட்டியலை வரிசைப்படுத்த முனையின் ரூபி வழுக் காட்டி நின்றுவிடும். தொல்லையாகத் தோன்றினும் நேர்மையான நடத்தை அதுவே.

பைதன் மொழியின் வரலாறு வேறு வகையானது. அதன் இரண்டாம் தலைமுறைப் பதிப்புகளில் எந்த இரு பொருள்களையும் சிறிது பெரிது என ஒப்பிடலாம்; தொடர்பற்றவற்றுக்கு ஏதேனுமொரு விடை தரப்படும். அவ்விடை மாறாதது, ஆனால் காரணமற்றது என அம்மொழியின் ஆவணங்களே ஒப்புக்கொண்டன. வகுப்புகளின் பட்டியலும் தடையின்றி வரிசைப்பட்டது. அவ்வரிசைக்கும் மரபுரிமைக்கும் யாதொரு தொடர்பும் இருக்கவில்லை. 2008 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு இவ்வழக்கத்தை ஒழித்தது. அதன்பின் இரு வகுப்புகளுக்கிடையே சிறிது என்னும் குறியினை இட்டால் வழுவே விளையும். ஒன்று மற்றதன் கீழ்வகுப்பா என வினவுதற்குத் தனியொரு சார்பு உண்டு. அது ஆம், அன்று என்னும் இரு விடைகளை மட்டுமே தரும். இருபுறமாகக் கேட்டு இருமுறையும் அன்று என வந்தால் ஒப்பிட இயலாமை என அறிந்துகொள்ளல் வேண்டும். ரூபியின் மூவிடை முறையினும் இது வறியதாகத் தோன்றலாம். எனினும் வகுப்புகளை எண்களைப் போற் காட்டும் மயக்கத்தை இது தவிர்க்கின்றது என்பதனால் இதுவே மேலானது எனக் கொள்ளத் தகும்.

இனி, ஒப்பிட இயலாமையினைச் சமமெனக் கொள்ளும் தவறு எங்ஙனம் கேட்டினை விளைவிக்கின்றது என்பதை ஓர் உண்மை உதாரணத்தாற் காண்பது பயனுடையது. பைதனில் வழுக்களும் வகுப்புகளே. இயக்க முறைமையோடு தொடர்புடைய வழுக்களுக்கு ‘ஓ.எஸ். எரர்’ என்னும் வகுப்பு உண்டு. தேடிய கோப்புக் கிடைக்காதபோது எழும் ‘பைல் நொட் பவுண்ட் எரர்’ அதன் கீழ்வகுப்பு. பொருந்தாப் பெறுமானம் தரப்படும்போது எழும் ‘வல்யூ எரர்’ இவ்விரண்டோடும் மரபுரிமைத் தொடர்பற்றது. இவற்றை முறையே முறைமை வழு, கோப்பு வழு, பெறுமான வழு என வழங்கலாம். கீழ்வகுப்பு முன்னும் மேல்வகுப்புப் பின்னும் வருமாறு இம்மூன்றினையும் நிறுத்துதல் வேண்டும் என்க. ஒரு செய்நிரலாளர் ஒப்பீட்டு விதியினை இவ்வாறு எழுதுகின்றார்: கீழ்வகுப்பாயின் சிறிது, மேல்வகுப்பாயின் பெரிது, இரண்டும் அன்றெனிற் சமம். எவரும் எழுதக்கூடிய விதியே இது.

முறைமை வழு, பெறுமான வழு, கோப்பு வழு என்னும் ஒழுங்கிற் பட்டியல் தரப்படுகின்றது. வரிசைப்படுத்தும் வழிமுறை முதலில் இரண்டாவதனை முதலாவதனோடு ஒப்பிடும். சமம், இடமாற்றம் இல்லை. பின்னர் மூன்றாவதனை இரண்டாவதனோடு ஒப்பிடும்; அதுவும் சமம், இடமாற்றம் இல்லை. அடுத்தடுத்துள்ள சோடிகள் யாவும் ஒழுங்காயுள்ளன, எனவே முழுப் பட்டியலும் ஒழுங்காயுள்ளது என அவ்வழிமுறை முடிவுசெய்துவிடும். பைதனின் உள்ளமைந்த வரிசைப்படுத்தலும் இவ்வாறே முடிவு செய்யும். முறைமை வழுவும் கோப்பு வழுவும் ஒருபோதும் நேருக்கு நேர் ஒப்பிடப்படவில்லை. பொதுவானது முன்னும் சிறப்பானது பின்னுமாக, வேண்டியதற்கு நேர்மாறாக, அவை நின்றுவிட்டன. பெறுமான வழு இறுதியில் இருந்திருப்பின் அதே விதி சரியான விடையினைத் தந்திருக்கும். எனவே சோதித்துப் பார்த்தவர் திருப்தியுற்றுச் செல்வதும், பிறிதொரு நாளிற் பட்டியலின் தொடக்க ஒழுங்கு மாறியதும் பிழை தலைகாட்டுவதும் இயல்பே.

வழிமுறையின்மீது குற்றம் இல்லை. சமம் என்னும் உறவு கடந்து செல்வது. முதலாவது இரண்டாவதற்கும் இரண்டாவது மூன்றாவதற்கும் சமமெனின், முதலாவது மூன்றாவதற்குச் சமமாதல் வேண்டும். வரிசைப்படுத்தும் வழிமுறைகள் சில ஒப்பீடுகளோடு நிறைவுறுவது இவ்வுறுதியினை நம்பியே. ஒப்பிட இயலாமை அவ்வாறு கடந்து செல்வதன்று. கோப்பு வழு பெறுமான வழுவோடு தொடர்பற்றது, பெறுமான வழு முறைமை வழுவோடு தொடர்பற்றது. ஆயின் கோப்பு வழு முறைமை வழுவோடு மிக நெருங்கிய தொடர்புடையது. சமம் என்னும் பொய்யான சொல் வழிமுறையின் அடிப்படையினையே தகர்த்துவிடுகின்றது. தொடைகளின் பட்டியலை உட்தொடை உறவு கொண்டு வரிசைப்படுத்தினால் விளைவு வரையறுக்கப்படாதது எனப் பைதன் ஆவணம் எச்சரிப்பதும் இக்காரணம் பற்றியே.

இவ்வரிசை எதற்குப் பயன்படும் என நோக்குமிடத்து இதன் பாரதூரம் புலனாகும். வழுவொன்று எழுந்ததும், அதனைக் கையாள எழுதப்பட்ட பகுதிகளைப் பைதன் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்த்து, பொருந்தும் முதலாவது பகுதியிலேயே நின்றுவிடுகின்றது. முறைமை வழுவுக்கான பகுதி முன்னே நிற்குமாயின், கோப்புக் காணாமற்போனபோதும் அதுவே இயங்கும். காணாத கோப்பினைப் புதிதாக ஆக்கிக்கொள்ளக் கருதி எழுதிய பகுதி பின்னே என்றும் இயங்காது கிடக்கும். பைதன் இதனைத் தடுப்பதில்லை. ஜாவா மொழியின் தொகுப்பி, மேல்வகுப்பின் பகுதிக்குப் பின்னே கீழ்வகுப்பின் பகுதி எழுதப்பட்டிருப்பின், அதனை எட்டவியலாதது எனக் கூறிச் செய்நிரலையே ஏற்க மறுக்கின்றது. தொடர்பற்ற இரு பகுதிகள் எம்முறையில் நின்றாலும் ஜாவா பொருட்படுத்துவதில்லை. பகுதி ஒழுங்கின் இயல்பினை உள்ளபடி உணர்ந்த நடத்தை இது: விதி உள்ள இடத்திற் கண்டிப்பு, விதி இல்லாத இடத்தில் விடுதலை.

சரியான வழி அறியப்படாததன்று. 1962 இல் ஆதர் கான் வெளியிட்ட முறை எளியது: தனக்கு முன் வரவேண்டியது எதுவும் எஞ்சியிராத ஒன்றினைத் தெரிந்து வெளியே நிறுத்துக, எஞ்சியவற்றுள் மீண்டும் அவ்வாறே செய்க. இம்முறையில் மேற்கூறிய மூன்று வழுக்களுக்கும் ஆறு நிரல்களில் மூன்று ஏற்புடையனவாகும். அம்மூன்றனுள் எதனைத் தெரிவது என்பதற்கு மரபுரிமை விடை சொல்வதில்லை.

பலர் கைக்கொள்ளும் குறுக்குவழி பிறிதொன்று. வகுப்பு ஒவ்வொன்றுக்கும் அதன் மேலுள்ள வகுப்புகளை எண்ணி, அவ்வெண் மிகுந்ததை முன்னே நிறுத்துவர். கீழ்வகுப்புக்கு மேலுள்ளவை எப்பொழுதும் மேல்வகுப்புக்கு மேலுள்ளவற்றிலும் அதிகமாகையால் இவ்வரிசை பிழைபடாது. ஆழம் ஓர் எண். எண்கள் முழு ஒழுங்குடையன. எனவே வரிசைப்படுத்தும் வழிமுறையும் ஏமாறுவதில்லை. நடைமுறைக்கு இது போதும். ஆனால் இவ்வெண்ணுக்கு இதற்கு மேலான பொருள் கற்பிப்பதே தவறாகும். எழுத்துக் குறிமுறையினை வாசிக்க இயலாதபோது பைதனில் எழும் வழு, கோப்பு வழுவிலும் ஒரு படி ஆழமானது. இடையே பொதுவான ஒரு வகுப்பினை வைத்தல் நன்று என மொழியை அமைத்தோர் கருதியமை தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. 1994 இல் ஷியாம் சிதம்பர், கிறிஸ் கெமரர் ஆகியோர் மரபுரிமை ஆழத்தினைச் செய்நிரலின் சிக்கலை அளக்கும் அளவுகோல்களுள் ஒன்றாக முன்வைத்தனர். ஒரு வகுப்பு எத்துணை மேல்வகுப்புகளின் தாக்கத்துக்கு உட்பட்டது என அறிய அது உதவும். தொடர்பற்ற இரு வகுப்புகளுள் எது சிறப்பானது என அறிய உதவாது. இவ்விரண்டும் எளிதிற் குழப்பப்படுவன.

ஒரு வகுப்புக்கு மேல்வகுப்புகள் பல இருக்கலாம் என வரும்போது மரம் என்னும் உவமையும் போதாததாகின்றது. மேற்காட்டிய உதாரணத்திலேயே இதற்குச் சான்றுண்டு. உள்ளீட்டு, வெளியீட்டுக் கருவியொன்று ஆற்றவியலாத செயலைக் கோரும்போது பைதனில் எழும் வழு, முறைமை வழு, பெறுமான வழு ஆகிய இரண்டுக்கும் கீழ்வகுப்பாக அமைந்துள்ளது. அதனையும் பட்டியலிற் சேர்ப்பின் நான்கு வகுப்புகளுக்குரிய 24 நிரல்களில் 5 மட்டுமே ஏற்புடையன.

இத்தகைய வகுப்பு ஒரு செயலை எந்த மேல்வகுப்பிலிருந்து முதலிற் பெறும்? இங்கு வரிசை தவிர்க்க முடியாதது. ஏதோவொன்று முதலில் தேடப்பட்டே தீரும். பைதனின் பழைய முறை, இடப்பக்க மேல்வகுப்பின்வழியே உச்சிவரை ஏறிப் பின்னர் அடுத்ததற்கு வருவதாயிருந்தது. ஒரே உச்சியின்கீழ் இரு வகுப்புகளும், அவ்விரண்டன்கீழ் ஒரு வகுப்பும் அமைந்த சாய்சதுர வடிவில், உச்சி வகுப்பு வலப்பக்க வகுப்புக்கு முன்னரே தேடப்பட்டது. பொதுவானது சிறப்பானதை மறைத்தது. வழுக்களின் பட்டியலிற் கண்ட அதே பிழை இங்கு மொழியின் கருவறையிலேயே குடிகொண்டிருந்தது. டிலன் மொழிக்கென 1996 இல் முன்மொழியப்பட்ட ‘சீ த்ரீ’ என்னும் நிரற்படுத்தல் முறையினைப் பைதன் 2003 இல் வெளிவந்த 2.3 ஆம் பதிப்பிலிருந்து கைக்கொண்டது. கீழ்வகுப்பு மேல்வகுப்புக்கு முன் வரல், மேல்வகுப்புகளை ஆசிரியர் எழுதிய முறை மாறாதிருத்தல், மேல்வகுப்பின் நிரல் கீழ்வகுப்பிலும் குலையாதிருத்தல் என்பன அதன் நிபந்தனைகள்.

இம்முறையின் சிறப்பு அது தரும் நிரலிலும் பார்க்க, அது தர மறுக்கும் நிரலிலேயே வெளிப்படுகின்றது. ஒருவர் முறைமை, பெறுமானம் என்னும் ஒழுங்கில் இரு மேல்வகுப்புகளை எழுதி ஒரு வகுப்பினை ஆக்குகின்றார். பிறிதொருவர் பெறுமானம், முறைமை என மாற்றி எழுதி வேறொரு வகுப்பினை ஆக்குகின்றார். இரண்டும் செல்லுபடியாவன, ஏனெனில் தொடர்பற்றவற்றுள் முன்பின் அமைப்பது அவ்வவ் ஆசிரியரின் தீர்மானமே. மூன்றாமவர் இவ்விரு வகுப்புகளிலிருந்தும் உரிமைபெற முனைந்தால் இசைவான நிரல் இல்லை எனக் கூறிப் பைதன் அவ்வகுப்பினை ஆக்க மறுத்துவிடுகின்றது. ஏதோவொன்றினைத் தெரிந்து ஒப்பேற்றிவிடாது, இரு தீர்மானங்கள் மோதுவதை எடுத்துக்காட்டுகின்றது.

இதுவரை கூறியவை மரபுரிமை உறவு தன்னளவில் உண்மையானது எனக் கொண்டு கூறப்பட்டவை. அவ்வாறு கொள்ளலாமா என்பதும் வினாவுக்குரியதே. 1987 இல் ஆற்றிய உரையொன்றிலும், பின்னர் ஜெனட் விங் உடன் இணைந்து 1994 இல் எழுதிய கட்டுரையிலும் பார்பரா லிஸ்கொவ் இதற்கொரு உரைகல்லை வகுத்தளித்தார். மேல்வகுப்பின் பொருள் நிற்கவேண்டிய இடத்திற் கீழ்வகுப்பின் பொருளை நிறுத்தினும், மேல்வகுப்புப் பற்றிச் செய்நிரல் நம்பியிருந்த எதுவும் பொய்த்தல் கூடாது என்பதே அதன் சாரம். அறிவிக்கப்பட்ட மரபுரிமையும் இவ்வுரைகல்லில் தேறிய உறவும் எப்பொழுதும் ஒன்றாவதில்லை. நிரல் எத்துணை நேர்த்தியாக அமைப்பினும், மூல உறவு பொருத்தமற்றதாயின் அந்நேர்த்தியாற் பயன் யாது?

1996 இல் வெளியான ஜாவாவின் முதற் பதிப்பிலேயே இதற்கு நல்லதோர் உதாரணம் உண்டு. ‘ஸ்டாக்’ என்பது இறுதியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு. அது ‘வெக்டர்’ என்னும் பட்டியல் வகுப்பின் கீழ்வகுப்பாக ஆக்கப்பட்டது. பட்டியலின் எந்த இடத்திலும் ஒன்றினைச் செருகலாம், எந்த இடத்திலிருந்தும் ஒன்றினை நீக்கலாம். இவ்வுரிமைகள் அடுக்குக்கும் வந்து சேர்ந்தமையால், அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றினை உருவியெடுப்பதை மொழி தடுப்பதில்லை. அடுக்கு பட்டியலினைப் பயன்படுத்தியிருக்கலாம். பட்டியலாக ஆகியிருத்தல் தகாது. எழுதும் உழைப்பினைச் சுருக்கக் கருதி ஏற்படுத்திய உறவு, வகைமை பற்றிய கூற்றாகப் பதிவாகிவிட்டது. 2006 இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு, இரு முனைகளிலும் இடவும் எடுக்கவும் கூடிய ‘டெக்’ என்னும் இடைமுகத்தை அறிமுகப்படுத்தியது. அடுக்கு வேண்டுவோர் அதனையே கொள்க என ஜாவாவின் ஆவணம் பரிந்துரைக்கின்றது. ஆயினும் பழைய செய்நிரல்கள் முறிந்துவிடும் என்பதனால் அவ்வுறவு அகற்றப்படவில்லை. ஜாவாவில் இவ்விரு வகுப்புகளையும் ஒப்பிடுவோருக்கு ‘ஸ்டாக்’ என்பது ‘வெக்டர்’ இன் கீழ்வகுப்பே என்னும் விடைதான் இன்றும் கிடைக்கின்றது.